நோகாத கால்: சிஸ்டர் பதில்கள்

சென்ற இதழில் சீனி வருத்தக்காரரின் சாப்பாடு பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலைப் பற்றிக் கேட்டிருந்தன. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. 2005–06 இல் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் எடுத்த ஆய்விலேயே 20 வயது தாண்டியவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு, நகரப்புறத்தில் 16.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. கொழும்பில் ஒரு லேனுக்குள் நுழைந்தால் எத்தனை வீட்டில் கிளினிக் கொப்பி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அரச வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சை விடுதியில் 31 வருடம் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். இந்த முறை பக்கம் முழுவதையும் காலுக்கே கொடுக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை விட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 58 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. சீனி வருத்தம் வந்து 14 வருடம். செருப்பு வார் உரசி இடது காலில் ஒரு சிறு புண். மகன் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் புண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சோதித்தான். ‘ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ்’ என்ற கிருமி இருக்கிறதாம். கிளினிக் டொக்டரோ ரிப்போட்டையும் காலையும் பார்த்துவிட்டு, அன்ரிபயோட்டிக் வேண்டாம், சுத்தமாகக் கட்டினால் போதும் என்கிறார். கிருமியை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? தினமும் இரண்டு வேளை வெந்நீரில் டெட்டோல் ஊற்றி அரை மணித்தியாலம் காலை வைத்திருக்கிறேன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: டீச்சர், முதலில் அந்த வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

ரிப்போட்டில் உள்ள பெயர் உங்களைப் பயமுறுத்திவிட்டது. நல்ல சுகமாக இருக்கும் பத்துப் பேரின் மூக்குத் துவாரத்தில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ மூன்று பேரிடம் இதே ஓரியஸ் இருக்கும். உங்கள் மகனிடம் இருக்கலாம். இத்தனை வருடம் மருந்து கட்டிய என் மூக்கிலும் இருந்திருக்கலாம். திறந்த புண் எதிலிருந்து எடுத்து வளர்த்தாலும் ஏதாவதொரு பக்டீரியா வளரத்தான் செய்யும். ஆய்வுகூடம் சொல்வது இன்னார் அங்கே குடியிருக்கிறார் என்பதை மட்டும். அவர் சதைக்குள் இறங்கிவிட்டாரா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். புண்ணின் விளிம்பைத் தாண்டி அரை சென்றிமீற்றருக்கு மேல் சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, தொட்டால் நோகிறதா, சீழ் வருகிறதா? இவற்றில் இரண்டாவது இருந்தால்தான் புண்ணில் தொற்று என்று வைத்தியர்கள் எடுப்பார்கள். உங்கள் டொக்டர் காகிதத்தைப் பார்த்த பிறகு காலையும் பார்த்திருக்கிறார். அவர் செய்தது சரியான வேலை. இப்படிப் பார்க்கும் டொக்டரை விட்டுவிடாதீர்கள்.

தேவையில்லாமல் அன்ரிபயோட்டிக் குடித்தால் என்ன நடக்கும்? மருந்துக்குச் சாகிறவை செத்துவிடும், சாகாதவை மிஞ்சிப் பெருகும். அதோடு நமக்கு உதவி செய்யும் பக்டீரியாவும் போய்விடும். நம்முடைய தோலில் ஸ்டெபிலோகொக்கஸ் எப்பிடெர்மிடிஸ் என்று ஒன்று இருக்கிறது. ஓரியஸின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். பொதுவாகச் சாது. தோலில் இடத்தைப் பிடித்துக்கொண்டு, சில பொருட்களைச் சுரந்து, ஓரியஸ் கால் ஊன்றாமல் தடுக்கிறது. தோலின் மேல்பக்கம் இலேசான புளிப்புத்தன்மையோடு இருப்பதும் ஒரு காவல். நீங்கள் தினமும் இரண்டு தடவை காலை ஊறப்போட்டு இந்தக் காவல் இரண்டையும் கழுவி ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. சீனி வருத்தம் 14 வருடமானால் காலின் வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பும் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். கால் வியர்க்காது, வரண்டு போகும். வரண்ட தோலை அரை மணித்தியாலம் ஊறவைத்தால் அப்போதைக்கு மெதுமெதுவென்று இருக்கும். காய்ந்ததும் முன்னைவிட மோசமாக வெடிக்கும். ஓரியஸ் உள்ளே போவது அந்த வெடிப்பு வழியாகத்தான். வெந்நீரின் சூடு எவ்வளவு என்று மரத்த கால் உங்களுக்குச் சொல்லப்போவதுமில்லை. வாளித் தண்ணீரில் காலை வைத்துக் கொப்புளத்தோடு விடுதிக்கு வந்தவர்களுக்கு நான் கணக்கு வைத்ததில்லை, அவ்வளவு பேர்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. என் பயிற்சிக் காலத்தில் யூசோல் என்ற குளோரின் கரைசலில் கோஸைத் தோய்த்துப் புண்ணுக்குள் அடைத்துக் கட்டினோம். ஹைதரசன் பெரொட்சைட்டை ஊற்றினால் நுரை பொங்கும். கிருமி சாகிறது என்று எங்களுக்கு அப்படியொரு திருப்தி. கிருமியோடு சேர்த்து, புண்ணின் அடியில் தளிர்போல வளர்ந்துவரும் சிவப்புச் சதையையும் அது சுட்டுக்கொண்டிருந்தது என்பதைப் பின்னால்தான் படித்தோம். எத்தனை பேரின் புண்ணை நானே ஆறவிடாமல் வைத்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கொதித்து ஆறிய தண்ணீர் அல்லது சேலைனால் கழுவி, சுத்தமான கோஸால் ஒற்றி, டொக்டர் சொன்னபடி கட்டுங்கள். உரசிய செருப்பை இனிப் போட வேண்டாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு தெரிந்தால் அதன் ஓரத்தில் நீலப் பேனையால் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிட்டு வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். அங்கே காத்திருக்கும் நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் டொக்டருக்கு அந்தக் கோடு ஆயிரம் வார்த்தை சொல்லும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நடு இரவானாலும் விடிய விடக்கூடாது. சாப்பாடும் மருந்தும் மாறாமல் இருக்க, சீனி அளவு மட்டும் காரணமில்லாமல் ஏறினால் அதையும் புண்ணின் குரலாக எடுத்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு முதல் அறிகுறியே அதுதான்.

கேள்வி: எனக்கு 63 வயது. புடைவைக் கடை வைத்திருக்கிறேன். ஐந்து நேரமும் கைகால் கழுவி வுழூ செய்து தொழுகிறவன். நாலாவது, ஐந்தாவது விரலுக்கிடையில் தோல் வெள்ளையாக ஊறிப்போய் உரிகிறது, அரிக்கிறது. பாமசியில் பங்கசுக் களிம்பு வாங்கிப் பூசினால் ஒரு கிழமையில் குறைகிறது, அடுத்த மாதம் மறுபடி வருகிறது. தண்ணீர்தான் காரணம் என்று ஒருவர் சொன்னார். வுழூவை எப்படி விடுவது?
– வாசகர், தெமட்டகொடை

பதில்: நானா, வுழூவை ஏன் விட வேண்டும்? விரலிடுக்கைக் கோதிக் கழுவுகிற பழக்கம் சீனி வருத்தக்காரருக்குக் கிடைத்த நல்ல பழக்கம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை தன் காலைத் தொட்டுப் பார்க்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? குறை கழுவுவதில் இல்லை. ஈரத்தோடு சொக்ஸைப் போட்டு, சப்பாத்துக்குள் அடைத்துக்கொண்டு கடைக்கு ஓடுவதில்தான் இருக்கிறது.

கடைசி இரண்டு விரலும் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதால் அந்த இடுக்குக்குக் காற்றே போகாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் முதலில் பங்கசு பிடிக்கும். அது தோலை உரித்து வழிவிட, பின்னால் பக்டீரியா வரும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் அந்த வெடிப்பால் உள்ளே போனால் இரண்டு நாளில் முழங்கால் வரை சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு படுக்க வைத்துவிடும். காலில் எங்கேயும் புண் இல்லையே என்று டொக்டர் தேடிக்கொண்டிருப்பார். நாங்கள் தாதிமார் நேரே ஐந்தாவது விரலை விரித்துப் பார்ப்போம், அங்கே இருக்கும்.

மெல்லிய பருத்தித் துவாய்த் துண்டு நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒன்று, பள்ளிக்குப் போகும் பையில் ஒன்று. தேய்க்க வேண்டாம், இடுக்குக்குள் விட்டு ஒற்றி எடுங்கள். துண்டைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய பங்கசை இன்றைக்குப் பூசியதாகிவிடும். பருத்திச் சொக்ஸ் இரண்டு சோடி கடையில் இருக்கட்டும், மத்தியானம் மாற்றுங்கள். காலுக்குப் பூசும் எண்ணெயோ கிறீமோ விரலிடுக்கில் வேண்டாம். பங்கசுக் களிம்பை, தோல் நன்றாகிவிட்டது போலத் தெரிந்த பிறகும் பெட்டியில் எழுதியிருக்கும் காலம் முடியும்வரை விடாமல் பூசுங்கள். நீங்கள் அரிப்பு நின்றதும் நிறுத்தியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான்.

அதன் பிறகும் வந்தால் அது பங்கசாக இல்லாமலும் இருக்கலாம். கொரினிபக்டீரியம் என்ற தோல் பக்டீரியா ஒன்று இதே மாதிரித்தான் விரலிடுக்கை வெள்ளையாக ஊறவைக்கும். சீனி வருத்தக்காரரிடம் அதிகம். தோல் டொக்டர் இருட்டறையில் ‘வூட்ஸ் லாம்ப்’ என்ற ஊதா விளக்கைப் பிடித்தால் அந்த இடம் பவளச் சிவப்பாக ஒளிரும். நான் முதல் தடவை பார்த்தபோது கோயில் பவளமாலைதான் ஞாபகம் வந்தது. அதற்கு மருந்து வேறு. ஆகவே களிம்பை மாற்றி மாற்றி வாங்காமல் ஒரு தடவை தோல் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, 20 வருடமாகச் சீனி. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வேல் ரதத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு நடப்பதாக நேர்த்தி. அப்பா இருந்த காலத்திலிருந்து நடக்கிறா. கால் கொஞ்சம் மரத்த மாதிரி, பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று போன மாதம் சொன்னா. தடுத்தால் அழுகிறா. நான் என்ன செய்ய?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மகள், ‘பஞ்சில் நடக்கிற மாதிரி’ என்ற ஒரு சொல்லுக்காகவே உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவின் நரம்பு பேசுகிற பேச்சு அது.

உங்கள் பக்கத்து அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். விடியப்புறம் மூன்று மணிக்குப் பலகை போட்டு அடுப்படியில் உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழும்புவார். ஒருநாள் கருகிற மணம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த மருமகள், “மாமி, என்ன கருகுது?” என்று கேட்டிருக்கிறார். இடியப்பப் பானையில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்து, அந்த அம்மா மூடியைத் திறந்து பார்த்தாராம். தண்ணீர் இருந்தது. தட்டுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். அடுப்பிலிருந்து உருண்ட தணல் ஒன்று அவருடைய குதிக்காலின் கீழ் இருந்தது. எங்கள் விடுதிக்கு வந்தபோது அந்தக் குழிக்குள் என் பெருவிரல் நுனி போகும். முகத்தில் நோவின் சாயலே இல்லை. வெள்ளிக்கிழமைக் கடைக்கு 300 இடியப்பம் கொடுக்க வேண்டும், எப்போது விடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடி மாத வெயிலில் காலி வீதித் தார் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல கால் உள்ளவர் துள்ளித் துள்ளி வெள்ளைக் கோட்டில் நடப்பார், நிழலுக்கு ஒதுங்குவார். மரத்த கால் ஒதுங்காது. உடைத்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டும் கற்பூரத் தணலும் வேறு கிடக்கும்.

அம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம். இன்றைக்கு இரவே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் வைத்தியசாலையில் உண்டாக்கிய முறை, அதனால் இப்ஸ்விச் தொடுசோதனை என்று பெயர். ஒரு கருவியும் தேவையில்லை. அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். எந்தக் கால் வலது, எது இடது என்று முதலில் தொட்டுக் காட்டிவிடுங்கள். பிறகு உங்கள் சுட்டுவிரல் நுனியால் வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற ஒழுங்கில் விரல் நுனியை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இறகு பட்ட மாதிரி, ஒன்றிரண்டு விநாடி. அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, வருடக்கூடாது. தொடும்போது அம்மா ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே விரலை இரண்டாம் தடவை தொட வேண்டாம், தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் நைலோன் இழை ஒன்றால் தொட்டு அழுத்திப் பார்த்து உறுதி செய்வார்கள்.

இந்தச் சோதனையை அம்மாவுக்குத் தெரியச் செய்யுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சொன்னால் தடுப்பதாகத்தான் அவருக்குப் படும். ‘இப்ப எந்தக் காலைத் தொட்டனான்?’ என்று நீங்கள் கேட்டு, ‘நீ இன்னும் தொடேல்லையே’ என்று அவரே சொல்லும்போது அவருக்கு விளங்கும். அந்த நிமிடம் இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உணர்வு குறைந்திருந்தால் இந்த வருடம் வெறுங்கால் நடை இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நானும் வேல் ரதத்துக்குப் பின்னால் நடந்தவள்தான், நேர்த்தியை முறிப்பது எவ்வளவு கனமான விஷயம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ரதம் போகும் வழியில் நிழலான ஓரிடத்தில் காத்திருந்து, அது வரும்போது செருப்பைக் கழற்றி, கொண்டுபோன பாயில் நின்று கும்பிடலாம். மிச்ச நடையை அம்மாவுக்காக நீங்கள் நடக்கலாம். எந்தக் குருக்களிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நடந்தவர் நீங்களானாலும், இரவு அம்மாவின் இரண்டு உள்ளங்காலையும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். அன்றைக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு இரவும்.

கேள்வி: உள்ளங்காலில் ஆணி. பிளேட்டால் சீவுகிறேன், திரும்ப வளர்கிறது. ஆணி பிளாஸ்டர் ஒட்டலாமா?
– வாசகர், வத்தளை

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த பிளாஸ்டரில் இருக்கும் சலிசிலிக் அமிலத்துக்கு ஆணித் தோல் எது, நல்ல தோல் எது என்று தெரியாது. ஆணி வளர்வது அந்த இடத்தில் செருப்பு அழுத்துவதால். செருப்பை மாற்றுங்கள், ஆணியைக் கிளினிக்கில் சீவ விடுங்கள். ஆணிக்கு அடியில் கறுப்பாகவோ நீலமாகவோ தெரிந்தால் உள்ளே இரத்தம் கண்டியிருக்கிறது, நாளைக்கே போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 59 வயது, காவலாளி வேலை. வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் நாலு மாதமாகப் புண். நோவில்லை என்று தினமும் நடந்தே வேலைக்குப் போகிறார். இரண்டு தடவை அன்ரிபயோட்டிக் குடித்தும் ஆறவில்லை. கிட்டடியில் சப்பாத்தைக் கழற்றினால் ஒருவித நாற்றம், முன்பு இருந்ததில்லை. இப்போது ஒரு டொக்டர் காலுக்கு பிளாஸ்டர் கட்டுப் போடலாம் என்கிறார். எலும்பு முறியாத காலுக்கு ஏன் கட்டு? கிருமியை உள்ளே வைத்து மூடினால் அழுகிவிடாதா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: மகள், நாற்றத்தில் இருந்து தொடங்குகிறேன். அதுதான் அவசரம். எல்லார் காலிலும் கொஞ்சம் மணம் இருக்கும். வியர்வையைத் தின்னும் தோல் பக்டீரியாக்களின் வேலை அது. அவற்றில் பிரெவிபக்டீரியம் என்ற இனம் சில வகைச் சீஸைப் பழுக்க வைக்கவும் உதவுகிறது. சப்பாத்து மணத்துக்கும் அந்தச் சீஸின் மணத்துக்கும் உறவு அதனால்தான். ஆனால் புண் உள்ள காலில் புதிதாக ஒரு நாற்றம் வருவது வேறு விஷயம். காற்றில்லாத ஆழத்தில் வாழும் பக்டீரியா பெருகினால், சதை செத்தால் அப்படி நாறும். இந்த இதழ் கையில் கிடைத்த அன்றே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். போய் மூன்று விஷயம் கேளுங்கள். புண்ணில் இப்போது தொற்று இருக்கிறதா? பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்கிறதா? புண்ணுக்குள் கருவியை விட்டால் எலும்பு தட்டுப்படுகிறதா? தொற்று இருந்தால், இரத்த ஓட்டம் குறைவாக இருந்தால், எலும்பு வரை போயிருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். மூடிய கட்டு இப்போதைக்கு இல்லை. மூன்றும் சரி என்றால், டொக்டர் சொன்ன கட்டைப் போல நல்ல மருந்து இந்தப் புண்ணுக்கு இல்லை.

ஏனென்று சொல்கிறேன். அன்ரிபயோட்டிக் கேட்காமல் போனது மருந்தின் பிழையாக எனக்குத் தெரியவில்லை. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் எட்டு வைக்கிறார்? ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் பாரம் அந்தப் பெருவிரல் மேட்டில் இறங்குகிறது. இரவில் வளர்ந்த இளஞ்சதை காலையில் வாசல் தாண்டுவதற்குள் நசுங்கிவிடுகிறது. சுற்றிலும் தடித்த தோல் வளர்ந்து இன்னும் அழுத்துகிறது. பக்டீரியாக்கள் அந்தச் செத்த தோலிலும் புண்ணின் மேலும் வழுவழுப்பான ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் கூட்டமாக இருக்கும். மாத்திரை அந்தப் படலத்துக்குள் சரியாகப் போகாது. டொக்டர் கத்தியால் அந்தத் தோலையும் படலத்தையும் சீவி எடுப்பதுதான் அவற்றுக்குச் சரியான அடி. சீவிய பிறகு காலின் வளைவுக்கு அச்சாகப் பொருந்தும்படி பிளாஸ்டர் கட்டுப் போட்டால், பாரம் பாதம் முழுவதிலும் கெண்டைக்கால் வரையும் பரவிவிடும். புண்ணுக்கு இளைப்பாறக் கிடைக்கும். கட்டை அப்படியே மாதக்கணக்கில் விடுவதில்லை. முதல் சில நாளிலும், பிறகு கிழமைக்கு ஒரு தடவையும் வெட்டிப் பார்த்து, கழுவி, புதிதாகப் போடுவார்கள். நாலு மாதம் ஆறாத புண் ஆறேழு கிழமையில் மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இது நேற்று வந்த வைத்தியமும் இல்லை, வெளியூர்ச் சரக்கும் இல்லை. கொழும்பில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக இருந்த டொக்டர் மில்ரோய் போல் என்பவர் 1930களிலேயே தொழுநோயாளரின் உள்ளங்கால் புண்ணுக்கு பிளாஸ்டர் கட்டுப் போட்டு நடமாட விட்டார். பிறகு டொக்டர் போல் பிராண்ட் என்பவர். கொல்லிமலையில் 1914 இல் பிறந்த ஆங்கிலேயர். 1946 இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளரின் கையையும் காலையும் வருடக்கணக்காகக் கவனித்தார். விரல்கள் குறைந்துபோவதற்குத் தொழுநோய்க் கிருமி அவற்றைத் தின்பது காரணமில்லை, நோவு தெரியாததால் மனிதர் தாமே தேய்த்தும் சுட்டும் இழக்கிறார்கள் என்று கண்டவர் அவர். 1960களில் அமெரிக்காவுக்குப் போனபின், சீனி வருத்தக்காரரின் காலிலும் அதே கதைதான் நடக்கிறது என்று சொல்லி இந்தக் கட்டை அங்கே பரப்பினார். என் கையில் இந்த விஷயம் கிடைத்தபோது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் அப்பாவைத்தான் சொல்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்த்தவர். வெள்ளவத்தையில் ஏறி 101 பஸ்ஸில் போவார். அந்தக் காலத்துப் பஸ்களில் சாரதிக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி துருத்திக்கொண்டிருக்கும். முன் சீட்டில் இடம் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அந்த மூடிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். இதமாக இருக்கிறது என்று சொல்வார். ஒருநாள் அம்மா தோய்க்கப் போட்ட வேட்டிக் கரையில் மஞ்சளாக ஈரம் காய்ந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தால் குதிக்காலின் வெளிப்பக்கம் முழுக்கத் தோல் வழன்றிருந்தது. எப்போது நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கும் கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார்.

மருந்து கட்ட ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நோகிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றார். அப்படியென்றால் பயமில்லை, வேலைக்குப் போகலாம் என்றார்கள். நான் அப்போது தாதிப் பயிற்சியில் முதல் வருடம். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. ஐந்து மாதம் அந்தக் காலில் அவர் நடந்தார். ஆறாவது மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகு எல்லோரும் வெட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தோம், பாரத்தை எல்லாம் தாங்கிய மற்றக் காலை ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் போக அதிலும் புண் வந்தது.

அதனால் மகள், அப்பா ‘நோவில்லை’ என்று சொல்லும்போது ‘அப்படியா, நல்லது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நோவில்லாததுதான் அவருடைய வருத்தம். அவருக்குப் பதிலாக நோவை உணர வேண்டியது உங்கள் கண்ணும் மூக்கும். நீங்கள் நாற்றத்தைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அந்த வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். இடது உள்ளங்காலையும் பார்க்க மறக்க வேண்டாம்.

வேலையிடத்தில் உட்கார்ந்து பார்க்கும் கடமை தரச் சொல்லி டொக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள், பல பேர் கேட்பதில்லை. இன்னுமொன்று. புண்ணுக்குப் பக்கத்தில், தோலில் படாமல், ஒரு 5 ரூபாய்க் குற்றியை வைத்துத் தொலைபேசியில் படம் எடுங்கள். கட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதே குற்றி, அதே தூரம். தாதியிடம் சொன்னால் ஒரு நிமிடம் பொறுப்பார். குற்றியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புண் சுருங்குகிறதா இல்லையா என்று அப்பாவுக்கே தெரியும், டொக்டருக்கும் காட்டலாம். முதல் படத்தை வைத்தியசாலைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.